விழித்த வைரஸுக்கு மட்டும்

மயாமி நகருக்குத் தெற்கே எலியட் கீ என்றொரு சின்னத் தீவு. அதையொட்டிய ஆழமில்லாத கடலில், மணல் மூடிக் கிடக்கும் ஒருவகைக் கடற்பஞ்சு வளர்கிறது. 1945இல் யேல் பல்கலைக்கழக வேதியியலாளர் வெர்னர் பெர்க்மன் அதை அள்ளிக்கொண்டு போனார். அவருக்கு மருந்தில் நாட்டம் இல்லை. கடல் உயிர்களின் உடலில் என்னென்ன கொழுப்புப் பொருள்கள் இருக்கின்றன என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. பஞ்சை அசிட்டோனில் போட்டுக் கொதிக்கவைத்தால் கொழுப்பு கரைந்து வரும் என்பது கணக்கு. கொதித்த கையோடு, யாரும் கேட்காமல், படிகம் படிகமாக வேறொன்று வந்து அடியில் சேர்ந்தது.

அது என்ன என்று கண்டுபிடிக்கப் பெர்க்மனுக்கும் அவரோடு ஆய்வு செய்த ராபர்ட் ஃபீனிக்கும் சில ஆண்டுகள் பிடித்தன. டிஎன்ஏவின் எழுத்துகள் எல்லாமே ஒரு காரமூலமும் ஒரு சர்க்கரையும் சேர்ந்த கூட்டு. எறும்பிலிருந்து யானைவரை அந்தச் சர்க்கரை ரைபோஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தப் பஞ்சு வைத்திருந்த எழுத்தில் இருந்ததோ அராபினோஸ். ரைபோஸோடு ஒப்பிட்டால் அணுக்களின் எண்ணிக்கையில் மாற்றமில்லை, ஒரே ஒரு திருப்பம் மட்டும் மாறியிருந்தது. 1950களில் இந்த முடிவுகள் வெளியாயின. எழுத்து மாதிரியே இருந்து எழுத்தாக வேலை செய்யாத ஒன்றைச் செல்லுக்குள் அனுப்பலாம், சர்க்கரையை மாற்றினாலே போதும் என்ற யோசனை ஆய்வகங்களுக்கு இங்கிருந்து கிடைத்தது.

ஹெர்பீஸ் என்ற வைரஸுக்கு உலகம் இன்று விழுங்கும் மாத்திரையின் வம்ச வரலாறு இந்தப் பஞ்சிலிருந்து தொடங்குகிறது. ‘எப்போது முற்றாகக் குணமாகும்?’ என்று கேட்பவர்கள் எண்ணிக்கை சிறியதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 50 வயதுக்குட்பட்டவர்களில் 380 கோடிப் பேர் உடலில் முதல் வகை வைரஸ் இருக்கிறது. பெரும்பாலும் உதட்டில் கொப்புளமாக வருவது அது. பிறப்புறுப்பில் வரும் இரண்டாம் வகை, 15 முதல் 49 வயதுக்குள் 52 கோடிப் பேருக்கு. பலருக்கு இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் கேட்கும் அந்தக் கேள்விக்கு விடை, மருந்து எங்கே போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதில்தான் இருக்கிறது.

அராபினோஸ் வழியில் முதலில் பிறந்தது அரா-சி. அது ரத்தப் புற்றுநோய்க்குப் போனது, இன்றும் அந்த வார்டுகளில் ஏற்றப்படுகிறது. அடுத்தது அரா-ஏ. 1960இல் கலிஃபோர்னியாவில் அதையும் புற்றுநோயை மனத்தில் வைத்தே செய்தார்கள். சில ஆண்டுகளில் பிரான்சிலிருந்து, அது வைரஸை அடக்குகிறது என்ற செய்தி வந்தது. ஹெர்பீஸ் அரிதாக மூளைக்குள் புகுந்துவிடும். அப்போது சிகிச்சையில்லாமல் விட்டால் பத்தில் ஏழு பேர் இறந்துவிடுவார்கள். அலபாமாவில் ரிச்சர்ட் விட்லியும் அவர் கூட்டாளிகளும் 1977இல் அரா-ஏ கொடுத்து அந்தச் சாவைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தார்கள். ஆனால் மருந்து தண்ணீரில் சரியாகக் கரையாது. லிட்டர் கணக்கில் திரவத்தோடு மணிக்கணக்காக நரம்பில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதோ, மூளை ஏற்கெனவே வீங்கிக் கிடப்பவருக்கு. போதாததற்கு அது வைரஸின் டிஎன்ஏ, மனிதனின் டிஎன்ஏ என்று பெரிதாகத் தரம் பிரிக்கவும் இல்லை.

அரா-ஏ வைரஸை அடக்குகிறது என்ற அந்தப் பழைய செய்தி 1968இலேயே கெர்ட்ரூட் எலியன் காதில் விழுந்திருந்தது. எலியன் நியூயார்க்கில் பிறந்தவர். பதினைந்து வயதில் தாத்தா வயிற்றுப் புற்றுநோயில் இறந்ததைப் பார்த்து வேதியியல் படிக்க வந்தார். பெண் என்பதால் ஆய்வகங்கள் வேலை தரவில்லை. சிறிது காலம் ஊறுகாயின் புளிப்பையும் மயோனெய்ஸில் முட்டைக்கருவின் நிறத்தையும் சோதிக்கும் வேலை பார்த்தார். 1944இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸிடம் சேர்ந்தார். முனைவர் பட்டம் படித்து வாங்கவே இல்லை. அரா-ஏ பற்றிக் கேள்விப்பட்டதும், தான் இருபது ஆண்டுக்கு முன்னால் தொட்டுவிட்டு, நச்சு அதிகம் என்று ஒதுக்கிவைத்த டைஅமினோபியூரின் என்ற பொருள் அவருக்கு நினைவு வந்தது. அதோடு அராபினோஸை இணைத்துச் செய்து, இங்கிலாந்தில் இருந்த சக ஆய்வாளர் ஜான் பாயருக்கு அனுப்பினார்கள். ஹெர்பீஸ் மீது வேலை செய்தது. அரா-ஏவைவிட நச்சும் குறைவு.

நிறுவனம் 1970இல் வட கரோலினாவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே ஹோவர்ட் ஷேஃபர் என்ற வேதியியலாளர் வந்து சேர்ந்தார். சர்க்கரையை மாற்றுவானேன், வளையத்தையே வெட்டிவிட்டால் என்ன என்பது அவர் கட்சி. நொதிகள் முழு வளையத்தை எதிர்பார்ப்பதில்லை, ஒரு ஓரம் கையில் பட்டாலே நம்பிவிடுகின்றன என்று அவர் முன்பே காட்டியிருந்தார். லிலியா போஷாம் அந்தச் சேர்மங்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். 1974இல் குவானின் என்ற காரமூலத்தோடு ஒரு அறுந்த வால் ஒட்டிய மூலக்கூறு கிடைத்தது. அதுதான் அசைக்ளோவிர். அராபினோஸ் இணைத்த முந்தைய சேர்மத்தைவிட நூறு மடங்குக்கு மேல் வீரியம். போட்டி நிறுவனங்களுக்குத் தெரியாமல் நான்கு ஆண்டு பொத்திவைத்திருந்து, 1978இல்தான் ஒரு மாநாட்டில் சபையேற்றினார்கள்.

இதில் என்னை அசரவைப்பது வீரியம் அல்ல. அதைத் தொற்றில்லாத செல்லில் போட்டால் அநேகமாக ஒன்றுமே நடக்கவில்லை. அசைக்ளோவிர் அப்படியே வேலை செய்யாது. மூன்று பாஸ்பேட் ஒட்டிய பிறகுதான் அது ஆயுதம். அந்த முதல் பாஸ்பேட்டை ஒட்டும் வேலையை மனிதச் செல்லின் நொதி செய்வதே இல்லை என்று சொல்லலாம். ஹெர்பீஸ் தன் வசதிக்காகக் கொண்டுவரும் தைமிடின் கைனேஸ் என்ற நொதிதான் ஏமாந்துபோய் அதை ஒட்டிவிடுகிறது. மீதி இரண்டையும் நம் செல்லே ஒட்டிக்கொள்ளும். இதனால் வைரஸ் இருக்கும் செல்லில், இல்லாத செல்லைவிட 40 முதல் 100 மடங்கு ஆயுதம் சேர்கிறது. பிறகு வைரஸ் தன் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது இது எழுத்து வேடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பூ கட்டுகிறவர் கையில் காம்பில்லாத மல்லிகை சிக்கியது போலத்தான். அதற்கு மேல் நார் சுற்ற இடமில்லை, சரம் அங்கேயே நின்றுவிடும்.

எதிரி கையாலேயே தூண்டப்படுவதால்தான் இது இவ்வளவு சாதுவான மருந்து. கர்ப்பிணிக்கும் பிறந்த குழந்தைக்கும் கொடுக்க முடிகிறது. பல ஆண்டுகள் தொடர்ந்து சாப்பிடவும் முடிகிறது. எதிரி கைவைக்கவில்லை என்றால் இது வெறும் மாவு என்பதும் அதே காரணத்தால்தான்.

வைரஸ் இருக்கும் இடத்துக்கு வருவோம். உதட்டுத் தோலில் இறங்கும் ஹெர்பீஸ் அங்கே சில நாள் பெருகிவிட்டு, பக்கத்தில் முடியும் நரம்பு இழைக்குள் நுழைகிறது. இழைக்குள் சரக்கு ஏற்றிச் செல்லும் தண்டவாளம் போன்ற நுண்குழல்கள் உண்டு. அவற்றின் மேல் உள்நோக்கி நகர்ந்து, மண்டையோட்டின் அடியில், காதுக்கு முன்னால் இருக்கும் முக்கிளை நரம்பின் முடிச்சுக்குப் போய்ச் சேர்கிறது. பிறப்புறுப்பில் புகுந்தது, முதுகெலும்பின் அடிப்பகுதியை ஒட்டிய முடிச்சுகளில் குடியேறும். அங்கே நரம்புச் செல்லின் கருவுக்குள் டிஎன்ஏ மட்டும் ஒரு வளையமாகச் சுருண்டு கிடக்கும். நம் மரபணுக்களோடு ஒட்டாது. புரதம் எதையும் செய்யாது. ஒரேயொரு ஆர்என்ஏவை மட்டும் முனகிக்கொண்டிருக்கும். நரம்பு முடிச்சில்தான் இது ஒளிந்திருக்க வேண்டும் என்று எர்னஸ்ட் குட்பாஸ்சர் 1920களிலேயே ஊகித்தார். ஸ்டீவன்ஸும் குக்கும் சுண்டெலிகளில் அதை நிரூபித்தது 1971இல்.

அசைக்ளோவிர் அந்த முடிச்சுக்குப் போகாமல் இல்லை. ரத்தம் போகும் இடமெல்லாம் போகிறது. வைரஸின் டிஎன்ஏ கிடக்கும் அதே செல்லுக்குள்ளும் நுழைகிறது. ஆனால் தூங்குகிற வைரஸ் கைனேஸ் செய்வதில்லை. முதல் பாஸ்பேட்டை ஒட்ட ஆளில்லை. வந்த மூலக்கூறு வந்தபடியே வெளியேறி, சிறுநீரகம் வழியாகப் போய்விடுகிறது. காய்ச்சலோ, வெயிலோ, மன உளைச்சலோ வைரஸை எழுப்பும்வரை அந்த மருந்தும் அதுவும் ஒரே செல்லில் ஒன்றையொன்று அறியாமல் இருக்கும். குணமாக்குவது, அடக்கிவைப்பது என்ற இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி முழுவதும் இந்த ஒரு விஷயம்தான்.

மாத்திரையின் ஊர்வலத்துக்குத் திரும்பலாம். 1982இல் அமெரிக்காவில் களிம்பாக அனுமதி கிடைத்தது, 1985இல் வாய்வழி மருந்தாக. மூளைத் தொற்றில் அரா-ஏவோடு நேருக்கு நேர் மோதவிட்ட சோதனை 1986இல் வெளியானது. அரா-ஏ பெற்றவர்களில் 54 சதவீதம் பேர் இறந்தார்கள், அசைக்ளோவிர் பெற்றவர்களில் 28. பஞ்சின் நேரடி வாரிசு அத்தோடு ஓய்வு பெற்றது. எலியனுக்கும் ஹிட்சிங்ஸுக்கும் ஜேம்ஸ் பிளாக்கோடு சேர்த்து 1988இல் நோபல் பரிசு.

களிம்பு வந்த அதே 1982இன் ஆகஸ்டில், டைம் வார இதழ் ஹெர்பீஸை அட்டைப்படமாக்கியது. கள்ள உறவுக்குத் தண்டனையாக நெஞ்சில் சிவப்பு எழுத்துக் குத்திக்கொண்டு அலையும் பெண்ணைப் பற்றிய பழைய அமெரிக்க நாவல் ஒன்று உண்டு. அந்தச் சிவப்பு எழுத்தை இந்த நோய்க்குச் சூட்டினார்கள். இத்தனைக்கும் நோய் வெளியே தெரிகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆண்டுக்குச் சில தடவை எரிச்சல் தரும் தோல் நோய், அவ்வளவே. அவமானத்தில் பாதிக்குமேல் அச்சில் வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. உதட்டில் வந்தால் ‘ஜுரம் விட்ட கொப்புளம்’ என்று வெளியே சொல்லுகிறவர்கள், சில அடி கீழே வந்தால் ஊரைவிட்டே ஓடப் பார்க்கிறார்கள். முதல் வகை இரண்டு இடத்திலும் வரும் என்பது வேறு விஷயம்.

இனி இந்தியாவுக்கு வருவோம். நம் மருந்துக்கடைகளில் 200, 400, 800 மில்லிகிராம் மாத்திரைகள் பல கம்பெனிப் பெயர்களில் கிடைக்கும். மூன்று வேளைக்குப் பழகிய நம் வீடுகளில் இதன் சீட்டு கொஞ்சம் திகைக்கவைக்கும். ‘ஒரு நாளைக்கு ஐந்து வேளை’ என்று எழுதியிருக்கும். விழுங்கியதில் ஐந்தில் ஒரு பங்குகூடக் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவதில்லை, போனதில் பாதி மூன்று மணி நேரத்துக்குள் கரைந்துவிடுகிறது என்பதால் வந்த தொல்லை அது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அளவு கூடி, உடலில் நீர் குறைந்தால் மருந்து சிறுநீரக நுண்குழாய்களில் ஊசி ஊசியாகப் படிந்து அடைத்துக்கொள்ளும்.

அந்த 800 மில்லிகிராம் மாத்திரையை நம்மில் அதிகம் பார்த்திருப்பவர்கள் அக்கி வந்தவர்கள். அக்கி இதே குடும்பத்து வேறு வைரஸ். சின்ன வயதில் வந்த சின்னம்மை முதுகுத்தண்டு முடிச்சில் தூங்கி, வயதானபின் எழுந்து வருவது. குயவர் வீட்டுக்குப் போய், காவிமண் குழைத்து, கொப்புளத்தைச் சுற்றி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் புண் காய்ந்துவிடும். எழுதாமல் இருந்தாலும் அந்தக் கணக்கில்தான் காயும். ஹெர்பீஸ் இன்னும் சீக்கிரம், ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். நோய் தானே போய்த் தூங்கிவிடுகிறது, பெயர் மட்டும் கடைசியாகக் கொடுத்தவருக்குப் போகிறது. ‘ஹெர்பீஸுக்கு நிரந்தரத் தீர்வு’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் யாரும் பட்டினி கிடக்காததற்கு இதுதான் காரணம். முறையான மருந்துச் சோதனைகளுக்கும் இதே தலைவலி. வெறும் மாவு மாத்திரை வாங்கிய குழுவிலும் பலருக்குக் குறைந்திருக்கும். ஆண்டுகள் போகப்போக நோயின் வேகமே குறையும். எனவே ‘எனக்குப் போயே போச்சு’ என்று ஒருவர் சத்தியம் செய்தாலும் அதற்கு எடை கிடையாது.

ஐந்து வேளைத் தொல்லைக்கு 1995இல் வாலசைக்ளோவிர் வழி சொன்னது. அதே மூலக்கூறோடு வாலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டிவிட்டார்கள்; குடல் அதை உணவு என்று நம்பி உள்ளே விடுகிறது. பாதிக்குமேல் ரத்தத்தில் சேர்கிறது. தினம் ஒரு மாத்திரை போதும் என்றானதும் கேள்வியே மாறியது. கொப்புளம் வந்தபின் தின்பது பழைய பாணி; வராமலே தின்றால்? 2004இல் லாரன்ஸ் கோரி குழுவினர், ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வகைத் தொற்று இருந்த 1,484 தம்பதிகளை வைத்துப் பார்த்தார்கள். எட்டு மாதம் தினம் ஒரு மாத்திரை. துணைக்குத் தொற்றுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. என் கணக்கில், குணமாக்கும் மருந்து வருமா என்று ஏங்கும் பலர் உண்மையில் தேடுவது இதைத்தான். கொப்புளத்தைத் தாங்கிக்கொள்வார்கள், இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவோமோ என்ற பயத்தைத் தாங்க மாட்டார்கள். ஆனால் பாதி என்பது முழுசு இல்லை. கண்ணுக்குத் தெரியாமலேயே வைரஸ் தோலுக்கு வந்து போவதை மாத்திரை குறைக்கிறது, நிறுத்துவதில்லை.

மாத்திரையின் தலையில் பிறர் ஏற்றிய ஆசைகளும் உண்டு. ஹெர்பீஸ் புண் வழியாக எச்ஐவி எளிதாகப் புகுகிறது என்பதால், ஹெர்பீஸை அடக்கினால் எச்ஐவியும் குறையும் என்று நம்பி ஆப்பிரிக்காவில் 3,000க்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் அசைக்ளோவிரைப் பரிசோதித்தார்கள். முடிவு 2010இல் வந்தது. ஹெர்பீஸ் புண்கள் 73 சதவீதம் குறைந்தன. எச்ஐவி பரவுவது குறையவே இல்லை. ஏன் என்பதற்குச் சியாட்டிலில் ஒரு தடயம் கிடைத்தது. புண் ஆறிய இடத்திலிருந்து கிள்ளி எடுத்த தோலைப் பார்த்தால், வாரங்கள் கழித்தும், மருந்து தின்றுகொண்டிருந்தும், எச்ஐவிக்குப் பிடித்தமான நோயெதிர்ப்புச் செல்கள் அங்கேயே கூட்டமாக நின்றன. தோல் ஆறியிருந்தது, காவல் கலையவில்லை. அல்சைமர் நோய்க்கும் மூளையில் தங்கும் ஹெர்பீஸுக்கும் தொடர்பு என்ற வாதத்தை நம்பி, ஆரம்பநிலை நோயாளிகள் 120 பேரை வைத்து வாலசைக்ளோவிர் சோதனை ஒன்று நடந்தது. 2025இல் சொன்ன விடை: பயனில்லை.

இத்தனை ஆண்டுகளில் வைரஸ் ஏன் மருந்துக்குப் பழகிவிடவில்லை என்று கேட்கலாம். கைனேஸைத் தொலைத்துவிட்டால் அது தப்பித்துக்கொள்ளும். எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்களிடமும் முற்றிய எச்ஐவி நோயாளிகளிடமும் அப்படி நடக்கவும் செய்கிறது. ஆனால் கைனேஸ் இல்லாத வைரஸ் நரம்பு முடிச்சிலிருந்து எழுந்து வரத் தடுமாறுகிறது என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மருந்திலிருந்து தப்ப எதை விட வேண்டுமோ அது நரம்பிலிருந்து எழுந்து வரத் தேவை. சாதாரண ஆரோக்கியம் உள்ளவர்களிடம் எதிர்ப்பு வகை ஒரு சதவீதத்துக்கும் கீழேயே நிற்கிறது. நாற்பது வயதான ஒரு வைரஸ் மருந்துக்கு இப்படி ஒரு ஆயுள் கிடைப்பது அபூர்வம்.

தடுப்பூசிகளை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் அங்கே கதை திரும்பத் திரும்ப ஒன்றுதான். வைரஸின் மேலுறைப் புரதத்தைக் காட்டி உடலைத் தயார்செய்வது. சிறு சோதனையில் நம்பிக்கை, பெரிய சோதனையில் ஏமாற்றம். 8,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மிகப் பெரிய சோதனையின் முடிவு 2012இல் வந்தபோது, எதிர்பார்த்த இரண்டாம் வகையை அது தடுக்கவில்லை, முதல் வகையை ஓரளவு தடுத்தது. ஏற்கெனவே தொற்றியவர்களுக்கான தடுப்பூசி ஒன்றை ஜிஎஸ்கே நிறுவனம் 2024இல் கைவிட்டது. கோவிட் காலத்து எம்ஆர்என்ஏ முறையிலும் முயற்சிகள் நடக்கின்றன. எதுவும் முடிச்சுக்குள் இருப்பதை எடுப்பதாகச் சொல்லவில்லை.

இந்த வரிசையில் நின்று பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. இல்லினாய் மாநிலப் பேராசிரியர் வில்லியம் ஹால்ஃபோர்ட், வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸே சரியான தடுப்பூசி என்று உறுதியாக நம்பினார். அனுமதி வழிகளில் காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. 2016இல், பெரும்பாலும் அமெரிக்கர்களான சுமார் இருபது பேரைக் கரீபியத் தீவான செயின்ட் கிட்ஸுக்கு வரவழைத்து, எந்த மேற்பார்வைக் குழுவும் இல்லாமல் ஊசி போட்டார். அதற்கு முன்பே இல்லினாயில் ஓட்டல் அறைகளில் வைத்தும் போட்டிருக்கிறார் என்பது பின்னால் வெளியே வந்தது. 2017இல் அவர் புற்றுநோயில் இறந்தார். ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலர் வழக்குத் தொடர்ந்தார்கள். அவரை வெறும் மோசடிக்காரர் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அவருடைய அறிவியலில் விஷயம் இருந்திருக்கலாம். ஆனால் ஒப்பிட ஆளில்லாமல், தானே குறைகிற ஒரு நோயில், இருபது பேரிடம் போட்ட ஊசி பலித்ததா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. விமானம் ஏறிப் போனவர்களுக்கு நேர்ந்த மிகப் பெரிய நஷ்டம் அதுதான்.

தூங்குகிற வைரஸைத் தொட இப்போது கையில் இருக்கும் ஒரே கருவி கத்திரி. சியாட்டிலின் ஃப்ரெட் ஹட்ச் மையத்தில் கீத் ஜெரோம், மார்ட்டீன் ஓபேர் இருவரும் பத்தாண்டுக்கும் மேலாக இதைச் செய்கிறார்கள். மெகாநியூக்ளியேஸ் என்ற நொதி, டிஎன்ஏவில் குறிப்பிட்ட ஒரு நீண்ட எழுத்து வரிசையைக் கண்டால் மட்டும் வெட்டும். வைரஸில் மட்டுமே உள்ள வரிசையைத் தேடும்படி அதைத் திருத்தி, நோய் தராத இன்னொரு வைரஸின் ஓட்டுக்குள் அடைத்து ரத்தத்தில் விடுகிறார்கள். அது முடிச்சுக்குப் போய் நரம்புச் செல்லுக்குள் கத்திரியைத் தயாரிக்கவைக்கிறது. ஆரம்பத்தில் எலிகளில் சில சதவீத வைரஸைத்தான் தொட முடிந்தது. ஒரே இடத்துக்குப் பதில் இரண்டு இடத்தில் வெட்டியதும் நிலைமை மாறியது. 2020இல் வெளியான ஆய்வில் ஒரு முடிச்சில் 90 சதவீதத்துக்கு மேல் போயிருந்தது. 2024இல் செய்முறையை எளிதாக்கி, நச்சைக் குறைத்து, எலிகள் வெளியே விடும் வைரஸும் குறைவதைக் காட்டினார்கள். அரசு நிதியோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனிமனிதர்களின் நன்கொடையும் இந்த ஆய்வில் சேர்ந்திருக்கிறது. யார் அனுப்பியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை.

சந்தேகம் இங்கேதான் கனக்கிறது. அசைக்ளோவிரைக் காப்பாற்றியது, வைரஸ் கைவைக்கும்வரை அது சும்மா இருந்ததுதான். கத்திரிக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. அது வைரஸ் இருக்கும் செல், இல்லாத செல் எல்லாவற்றுக்குள்ளும் போய் வேலைக்குத் தயாராக நிற்கும். நரம்புச் செல் ஒன்று செத்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று முளைக்காது. கத்திரியைச் சுமந்து போகும் ஓட்டின் அளவு கூடினால் ஈரல் பாதிக்கப்படும். எலிகளில் நரம்பிலும் பாதிப்பு தெரிந்தது. இதே வகை ஓட்டில் வரும் முதுகுத்தண்டுத் தசைநோய் மருந்தால் ஈரல் செயலிழந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அந்த நோய் தன் போக்கில் விட்டாலும் உயிரை எடுப்பது, ஆகவே அந்த அபாயத்தை ஏற்கலாம். உதட்டுக் கொப்புளத்துக்கு ஏற்கலாமா? அந்த மருந்து 2019இல் அமெரிக்காவில் ஒரு தவணைக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் விலையில் வந்தது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். போதாக்குறைக்கு, மீதமிருக்கும் சில சதவீதம் வைரஸ் மறுபடி கொப்புளம் போடப் போதுமா, போதாதா என்பதற்கு எலி விடை சொல்லாது. எலிக்கு ஹெர்பீஸ் மனிதனுக்கு வருவதுபோல் தானாக எழுந்து வருவதே அரிது. அதனால்தான் கினிப்பன்றிகளுக்கு நகர்கிறார்கள். இரண்டாம் வகை அவற்றில் மனிதர்களைப்போலவே திரும்பத் திரும்ப வரும்.

வைரஸை வேண்டுமென்றே எழுப்பிவிட்டு அசைக்ளோவிரால் அடிப்பது என்ற யோசனையும் காதில் விழுகிறது. எழும்பும் வைரஸ் நரம்புச் செல்லையும் அழிக்கலாம் என்பதால் எனக்கு அது உவப்பாக இல்லை.

முதலில் வரப்போவது வேறு மாத்திரைகள். வைரஸ் தன் டிஎன்ஏவைப் பிரித்து நகலெடுக்க வைத்திருக்கும் ஹெலிகேஸ்-பிரைமேஸ் என்ற கூட்டைத் தாக்கும் மருந்துகள் இவை. கைனேஸ் தயவு இவற்றுக்குத் தேவையில்லை. 2014இல் பிரிட்டெலிவிர் சோதனையில், மாவு மாத்திரைக்காரர்களிடம் எடுத்த மாதிரிகளில் 16.6 சதவீதத்தில் வைரஸ் இருந்தது. தினம் 75 மில்லிகிராம் பெற்றவர்களிடம் 2.1. நடுவில் குரங்குகளுக்கு ரத்தத்திலும் தோலிலும் கோளாறு தெரிந்ததால் ஆய்வு சில காலம் முடங்கியது. அதே இனத்து அமெனமெவிர் ஜப்பானில் 2017இல் அக்கிக்கு அனுமதி பெற்றுவிட்டது. வாரம் ஒருமுறை மட்டும் விழுங்கும் வகைகளும் ஆரம்பச் சோதனையில் இருக்கின்றன. இவையும் விழித்து நகலெடுக்கும் வைரஸைத்தான் பிடிக்கும். ஆனாலும் துணைக்குத் தொற்றுவது பாதியிலிருந்து மிகச் சிறு பங்காக இறங்குமானால், குணமாக்கும் மருந்தைக் கேட்பவர்களில் பலர் அந்தக் கேள்வியையே மறந்துவிடக்கூடும்.

கத்திரி மனிதரிடம் முதலில் வரும் என்றால் அது உதட்டுக்கோ பிறப்புறுப்புக்கோ இல்லை, கண்ணுக்குத்தான் என்று நினைக்கிறேன். ஹெர்பீஸ் கருவிழியில் திரும்பத் திரும்ப வந்தால் பார்வை போய்விடும், அபாயத்தைத் தாங்கிக்கொள்ள அங்கே நியாயம் இருக்கிறது. ஹெர்பீஸுக்கு எதிராக முதன்முதலில் பலித்த மருந்தும், யேலில் வில்லியம் புரூசாஃப் செய்து 1962இல் ஹெர்பர்ட் காஃப்மன் பயன்படுத்திய ஐடாக்ஸியூரிடின், கண் சொட்டு மருந்துதான். உடலுக்குள் கொடுக்க முடியாத அளவு நச்சு என்பதால் கண்ணோடு நின்றது. ஷாங்காயில் ஏற்கெனவே, கிரிஸ்பர் என்ற இன்னொரு வகை டிஎன்ஏ கத்திரியை, எந்த மருத்துவமும் பிடிக்காத மூன்று நோயாளிகளின் கருவிழியில், கருவிழி மாற்று அறுவையின்போது செலுத்தியிருக்கிறார்கள். சராசரி 18 மாதக் கண்காணிப்பில் வைரஸ் திரும்பவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று பேர்தான். புதுக் கருவிழி பொருத்தியதன் பங்கு எவ்வளவு, கத்திரியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒப்பீட்டுக் குழு வைத்த பெரிய சோதனை நடந்தாக வேண்டும்.